ஒத்தக் கால் சைக்கிளும் உங்க தொடையும்: வாசகர் கேள்வி பதில்

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல தசையைப் பத்தித்தான். பிரிச்சுப் பார்த்தா ரெண்டே புலம்பல்: "இவ்வளவு பண்றேன், ஏன் இன்னும் ஒண்ணும் மாறல"ன்னு ஒரு கூட்டம், "நிறுத்திட்டேன், எல்லாம் போயிருச்சா"ன்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பேருக்குமே குழப்பம் ஒரே இடத்துலதான் வருது. தசைன்னா ஏதோ ஒரே சாமான், ஏறினா மொத்தமா ஏறும், இறங்கினா மொத்தமா இறங்கும்னு நினைச்சுக்கறீங்க. நரம்புக்கு ஒரு வேகம், இழைக்கு ஒரு வேகம், ரத்தக்குழாய்க்கு ஒரு வேகம், டெண்டனுக்கு (தசையை எலும்போட கட்டி வைக்கிற நார்)... அதை அப்புறம் சொல்றேன், அது தனிக் கதை.

கேள்வி: 400 மீட்டர் ஓடுறேன் சார். கோச் சொன்னார்னு ஆறு வாரமா ஸ்குவாட் போடறேன். 40 கிலோவுல ஆரம்பிச்சு இப்ப 60 வந்துட்டேன். ஆனா வாரா வாரம் தொடையை டேப் வச்சு அளக்கறேன், ஒரு நூல் கூட ஏறல. நான் ஏதாவது தப்பா பண்றேனா?

தப்பே இல்ல தம்பி, முதல்ல அந்த டேப்பைச் சுருட்டி உள்ள வைங்க. 20 கிலோ கூடியிருக்குல்ல, அது தொடையில ஏறல, உங்க நரம்புல ஏறியிருக்கு. முதுகுத்தண்டுல இருந்து வர்ற ஒரு நரம்பு செல்லும் அது கட்டி மேய்க்கிற இழைக் கூட்டமும் சேர்ந்தா ஒரு மோட்டார் யூனிட். லேசான வேலைன்னா சின்ன யூனிட்டை மட்டும்தான் உடம்பு எழுப்பும், கனம் கூடக் கூடத்தான் பெரிசுங்களை ஒவ்வொண்ணா கூப்பிடும், எல்வுட் ஹென்னமன்னு ஒரு நரம்பியல் ஆராய்ச்சியாளர் இந்த வரிசையைக் கண்டுபிடிச்சு சொன்னார். பழக்கம் இல்லாத ஆளுக்கு அந்தப் பெரிய யூனிட் எல்லாத்தையும் ஒரே நேரத்துல வேகமா எழுப்பத் தெரியாது, அதோட முன்தொடை தள்ளும்போது பின்தொடையும் சும்மா இருக்காம எதிர்ப்பக்கம் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கும், ஹேண்ட்பிரேக்கை எடுக்காம வண்டி ஓட்டுற மாதிரி. முதல் சில வாரத்துல நீங்க கத்துக்கிட்டது இதைச் சரி பண்றதைத்தான்.

1979ல மோரிட்டானி, டிவ்ரீஸ்னு ரெண்டு பேர் இதைப் பிரிச்சே காட்டினாங்க, முன்கையை மடக்குற தசைக்கு எட்டு வாரம் பயிற்சி கொடுத்து மின்சிக்னலையும் பருமனையும் சேர்த்து அளந்ததுல ஆரம்பத்துல வந்த பலம் பெரும்பாலும் நரம்புக் கணக்கு, பருமன் அதுக்கப்புறம்தான் மெதுவா மேல வருது. பயிற்சியே கொடுக்காத இன்னொரு கையும் கொஞ்சம் பலமாச்சு, பருமன் கூடாமலே! அது புதுசு கூட இல்ல, ஒரு கையை மட்டும் பழக்கினா மறு கைக்கும் பலம் போகுதுன்னு யேல் பல்கலைக்கழகத்துல ஸ்கிரிப்சரும் அவர் கூட இருந்தவங்களும் 1894லயே எழுதி வச்சுட்டாங்க. இந்த மறு கை விஷயத்தை ஞாபகம் வச்சுக்கங்க, கீழ ஒருத்தருக்குத் தேவைப்படுது.

அப்புறம் இன்னொண்ணு, 400 மீட்டர்காரருக்குத் தொடை பருத்தே ஆகணும்னு யார் சொன்னா? அந்த எடையையும் நீங்கதான சுமந்துக்கிட்டு ஓடணும்.

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு, நீச்சல். "இவனுக்கு ஸ்லோ தசைம்மா, ஸ்பிரிண்ட் வராது, லாங் டிஸ்டன்ஸுக்கு மாத்திருங்க"ன்னு கோச் சொல்லிட்டார். பார்த்தே சொல்லிட முடியுமா? பிறவியில வந்ததை மாத்த முடியாதா?

பார்த்துச் சொல்ல முடியாதும்மா. சொல்லணும்னா தொடையில ஊசி போட்டு ஒரு துண்டு எடுக்கணும். பெர்க்ஸ்ட்ரோம்னு சுவீடன் டாக்டர் 1962ல கொண்டு வந்த ஊசி அது, பேருதான் ஊசி, பென்சில் கனத்துக்குக் கொஞ்சம் கம்மி. படிக்கிற காலத்துல ஒரு ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்கலன்னு நானே போய்ப் படுத்திருக்கேன். தோலை மரத்துப்போக வச்சுட்டு சின்னதா கீறி உள்ள விடுவாங்க, வலின்னு சொல்ல முடியாது, யாரோ உள்ளேர்ந்து தொடையைக் கிள்ளிப் பிடிச்சு அழுத்துற மாதிரி ஒரு கனம், அப்புறம் ஒரு வெட்டு. வெளிய வந்தது அரிசிமணி அளவு சதை. அதைச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்ல பார்த்தா வெளுப்பும் கருப்புமா மொசைக் தரை மாதிரி இருக்கும், ஒரு நிறம் மெது இழை, இன்னொண்ணு வேக இழை. என்னோடது ஏறத்தாழ பாதிக்குப் பாதி வந்துச்சு, நான் எதுலயும் சாம்பியன் ஆகாததுக்கு அதுதான் காரணம்னு ரொம்ப நாள் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அது சும்மா சாக்கு. உச்சத்துல இருக்கிற நெடுந்தூர ஓட்டக்காரங்க கெண்டைக்கால்ல மெது இழை சராசரியா 70 சதவீதத்துக்கு மேல, ஸ்பிரிண்ட் ஓடுறவங்களுக்குப் பாதிக்கும் ரொம்பக் கீழ, அது வரைக்கும் உங்க கோச் சொல்றது சரி. ஆனா 1970கள்ல டேவிட் காஸ்டிலோட குழு அமெரிக்காவோட முதல்தர நெடுந்தூர ஓட்டக்காரங்களை எடுத்துப் பார்த்தப்போ அந்த ஒரே கூட்டத்துக்குள்ள 50 சதவீதக்காரரும் இருந்தார், 98 சதவீதக்காரரும் இருந்தார். ரெண்டு பேரும் ஒரே கோட்டுல நின்னு ஓடுறவங்கதான்.

மாறுமான்னு கேட்டீங்கல்ல. மெதுவுல இருந்து வேகத்துக்கு, வேகத்துல இருந்து மெதுவுக்குன்னு முழுசா தாவுறது பயிற்சியால பெருசா நடக்கறதில்ல. ஆனா வேக இழைக்குள்ளயே ரெண்டு ஜாதி இருக்கு: 2எக்ஸ்னு ஒண்ணு, படுவேகம் ஆனா சீக்கிரம் சோர்ந்துரும், 2ஏன்னு ஒண்ணு, வேகமும் இருக்கும் கொஞ்சம் தாக்கும் பிடிக்கும். எந்தப் பயிற்சி பண்ணினாலும், ஓடினாலும் சரி வெயிட் தூக்கினாலும் சரி, 2எக்ஸ் குறைஞ்சு 2ஏ ஆகும். டென்மார்க்ல ஆண்டர்சன், ஆகார்டுன்னு ரெண்டு பேர் 2000ல வெளியிட்டது இது: விளையாட்டுப் பழக்கம் இல்லாத இளைஞர்களுக்கு மூணு மாசம் கனமான வெயிட் பயிற்சி கொடுத்தாங்க, 2எக்ஸ் புரதம் 9 சதவீதத்துல இருந்து 2க்கு இறங்கிருச்சு, அப்புறம் மூணு மாசம் ஒண்ணும் பண்ணாம விட்டாங்க, பழைய 9க்குத் திரும்பும்னு பார்த்தா 17ல போய் நின்னுச்சு. பயிற்சியை நிறுத்தினா படுவேக இழை கூடுது, கேக்க வேடிக்கையா இருக்குல்ல? சும்மா உட்கார்ந்தே ஸ்பிரிண்டர் ஆயிரலாம்னு உங்க பையன்கிட்ட சொல்லிராதீங்க, இழை வேகமானாலும் அளவும் பலமும் குறைஞ்சிரும்.

14 வயசுல, இன்னும் வளர்ந்துக்கிட்டு இருக்கிற பையனை, துண்டு எடுத்துப் பார்க்காமலே ஒரு பக்கம் தள்ளுறது எனக்குச் சரியாப் படல. ரெண்டும் நீந்தட்டும்மா.

கேள்வி: ஒர்க்கவுட் முடிஞ்சு ரெண்டு நாள் வலிக்குதே, அந்த லாக்டிக் ஆசிடை எப்படி வெளியேத்துறது?

வெளியேத்த அங்க ஒண்ணும் இல்லங்க. கூடின லாக்டேட் (நீங்க சொல்ற லாக்டிக் ஆசிட் உடம்புக்குள்ள இருக்கிறது இந்த வடிவத்துலதான்) பயிற்சி முடிஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ள பழைய அளவுக்கு வந்துரும், வலி ஆரம்பிக்கிறதே மறுநாள்தான், அப்புறம் அது எப்படிக் குற்றவாளி ஆகும். இதுல பாவம், லாக்டேட் கழிவே கிடையாது, ஒரு தசையில உண்டானதை இதயமும் பக்கத்து மெது இழையும் எடுத்து எரிச்சுக்குதுன்னு ஜார்ஜ் புரூக்ஸ் 1980கள்ல இருந்து சொல்லிக்கிட்டே இருக்கார், நம்ம ஜிம்ல மட்டும் அது இன்னும் விஷம்தான். வலிக்குக் காரணம் இழைக்குள்ள விழுற நுண்ணிய கிழிசலும் அதைச் சரி பண்ண வர்ற அழற்சியும், தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்குற வேலையில இது ஜாஸ்தி. படி ஏறினா வலிக்காது, இறங்கி இறங்கிப் பாருங்க தெரியும். அதே வேலையை அடுத்த வாரம் பண்ணினா வலி பாதி கூட இருக்காது, ஒரே தடவையில தசை கத்துக்குது.

கேள்வி: எட்டு மாசமா மெதுவா ஓடிக்கிட்டே இருக்கேன், மாரத்தான் ஆசை. முன்னெல்லாம் ஒரு கிலோமீட்டர்ல மூச்சு வாங்கும், இப்ப பேசிக்கிட்டே பத்து ஓடுறேன். நுரையீரல் பெருசாயிருச்சா? உள்ள என்னதான் நடந்துச்சு? (ஆளு பார்க்க அதே மாதிரிதான் இருக்கேன், வீட்ல கிண்டல் பண்றாங்க.)

எனக்குப் பிடிச்ச கேள்வி, அதனால நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கங்க.

நுரையீரல் அதே நுரையீரல்தான், இதயம் கொஞ்சம் மாறியிருக்கும், ஒரு துடிப்புக்கு ஜாஸ்தி ரத்தம் தள்ளும். ஆனா பெரிய மாற்றம் தொடையில. 1967ல ஜான் ஹோலோசி எலிங்களை டிரெட்மில்ல ஓட விட்டார், பன்னெண்டு வாரம், கடைசியில தினம் ரெண்டு மணி நேரம். ஓடின எலியோட கால் தசையில மைட்டோகாண்ட்ரியாவோட (செல்லுக்குள்ள சக்தி உண்டாக்குற குட்டி அடுப்புங்க) ஆக்ஸிஜன் எரிக்கிற திறன் ஏறத்தாழ ரெண்டு மடங்கு ஆயிருந்துச்சு. அது வரைக்கும் ஓடினா இதயம்தான் மாறும்னு நினைச்சுக்கிட்டிருந்தாங்க, தசைக்குள்ள இருக்கிற அடுப்பே பெருகும்னு யாரும் பெருசா எடுத்துக்கல.

அடுப்பு கூடினா காத்தும் கூடணும்ல. 1977ல ஆண்டர்சன், ஹென்ரிக்சன் (மேல சொன்ன ஆண்டர்சன் வேற) எட்டு வார சைக்கிள் பயிற்சிக்கு முன்னயும் பின்னயும் தொடைத் துண்டு எடுத்துப் பார்த்தாங்க, தந்துகி (இழையைச் சுத்தி ஓடுற மயிரிழை ரத்தக்குழாய்) அடர்த்தி 20 சதவீதம் கூடியிருந்துச்சு. ரத்தம் இழையை உரசிக்கிட்டுப் போற நேரம் கூடும், ஆக்ஸிஜன் உள்ள இறங்க அவகாசம் கிடைக்கும். நீங்க பேசிக்கிட்டே ஓடுறதோட ரகசியத்துல பாதி இதுதான். மீதி பாதி என்னன்னா, மைட்டோகாண்ட்ரியா நிறைய இருக்கிற தசை அதே வேகத்துல கொழுப்பை ஜாஸ்தி எரிக்கும், கிளைக்கோஜனை (தசை சேர்த்து வச்சிருக்கிற மாவுச்சத்து) மிச்சம் பிடிக்கும், லாக்டேட் ஏறுறது தள்ளிப்போகும், மூச்சு இரைக்கிறதும் கூடவே தள்ளிப்போகும்.

இது உடம்பு பூரா நடக்குற மாற்றம் இல்ல, வேலை செஞ்ச தசைக்குள்ள மட்டும் நடக்கறதுன்னு எப்படித் தெரியும்? அங்கதான் ஒத்தக் கால் சைக்கிள் வருது. 1966ல பெர்க்ஸ்ட்ரோமும் (ஊசிக்காரர்தான்) ஹுல்ட்மேனும் தங்களையே பரிசோதனைக்கு வச்சுக்கிட்டாங்க. ஒரே சைக்கிளுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர் அந்தப் பக்கம் ஒருத்தர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால மிதிக்கிறாங்க, இன்னொரு கால் சும்மா. மிதிச்ச கால்ல கிளைக்கோஜன் காலியாகுற வரைக்கும் மிதிச்சுட்டு அப்புறம் மூணு நாள் மாவுச்சத்தா சாப்பிட்டாங்க, தினம் ரெண்டு தொடையிலயும் துண்டு எடுத்தாங்க. சும்மா இருந்த கால்ல பெருசா ஒண்ணும் மாறல. மிதிச்ச கால்ல கிளைக்கோஜன் திரும்பி வந்ததோட நிக்கல, மறு காலை விட ரெண்டு மடங்குக்கு ஏறிருச்சு! ரெண்டு காலுக்கும் போறது அதே ரத்தம், அதே சாப்பாடு, அதே ஹார்மோன். வேலை செஞ்ச கால் மட்டும் கதவைத் திறந்து வச்சிருக்கு. மாரத்தானுக்கு முன்னாடி மாவுச்சத்து ஏத்துறாங்களே, அதோட ஆரம்பம் இந்த சைக்கிள்தான்.

பத்து வருஷம் கழிச்சு 1976ல பெங்ட் சால்ட்டினோட குழு ஒரு காலை மட்டும் வாரக்கணக்கா பயிற்சி கொடுத்துப் பார்த்தப்பவும் அதே கதைதான், பழகின காலால மிதிச்சா தாக்குப்பிடிக்குது, பழகாத காலால மிதிச்சா பழைய ஆள் மாதிரியே இரைக்குது. ஓட்டக்காரங்க நீச்சல் குளத்துல இறங்கினதும் மூச்சு முட்டி நிக்கறாங்களே, ஏன்னு இப்ப புரியுதா.

வீட்ல கிண்டல் பண்ணினா சொல்லுங்க, தந்துகி வெளிய தெரியாதுன்னு.

கேள்வி: வாரத்துக்கு ரெண்டு நாள் வெயிட், மூணு நாள் ஓட்டம். எனக்கு ஓட்டமும் வேணும் வெயிட்டும் வேணும். ரெண்டையும் பண்ணினா ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுரும்ங்கறாங்களே?

ராபர்ட் ஹிக்சன்னு ஒருத்தர், பவர்லிஃப்டிங் பண்ணிக்கிட்டிருந்தவர், மேல சொன்ன ஹோலோசியோட லேப்ல போய்ச் சேர்ந்தார். ஹோலோசிக்கு ஓட்டம்னா உயிர், இவரும் பாஸ் கூட ஓட ஆரம்பிச்சார், கொஞ்ச நாள்ல தன் சதை குறையறதைக் கவனிச்சார். நம்மளா இருந்தா பாஸைத் திட்டியிருப்போம், அவர் அதை ஆராய்ச்சியா பண்ணி 1980ல வெளியிட்டார். பத்து வாரம், ஒரு குழு வெயிட் மட்டும், ஒண்ணு ஓட்டமும் சைக்கிளும் மட்டும், ஒண்ணு ரெண்டும். ரெண்டும் பண்ணின குழுவுக்கு ஏழெட்டு வாரம் வரைக்கும் பலம் ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு, அப்புறம் நின்னு, கடைசி ரெண்டு வாரத்துல இறங்க ஆரம்பிச்சுது. தாக்குப்பிடிக்கிற சக்திக்கு எந்தக் குறையும் வரல. ஆக வெயிட் ஓட்டத்தைத் திங்கல, ஓட்டம்தான் வெயிட்டைக் கடிச்சுது.

ஆனா இந்தக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துறவங்க ஒண்ணை விட்டுருவாங்க, அந்தக் குழு வாரத்துக்கு அஞ்சு நாள் கால் வெயிட், ஆறு நாள் முழு மூச்சா ஓட்டமும் சைக்கிளும். நீங்க ரெண்டு நாள் வெயிட், மூணு நாள் ஓட்டம்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுக்கும் நடுவுல சில மணி நேரம் விடுங்க, பலம் முக்கியம்னா அதை முதல்ல பண்ணுங்க, போதும்.

கேள்வி: வெயிட் ட்ரெய்னிங் முடிஞ்சதும் ஐஸ் பாத் நல்லதா? புரோட்டீன் எவ்வளவு?

ஐஸ்: மறுநாளே இன்னொரு மேட்ச் இருந்தா இறங்குங்க, வலி குறைஞ்ச மாதிரி இருக்கும். தசை வளரணும்னா ஒவ்வொரு தடவையும் இறங்காதீங்க. 2015ல வந்த ஒரு ஆய்வுல பன்னெண்டு வாரம் வெயிட் பயிற்சி முடிச்ச ஒவ்வொரு தடவையும் 10 டிகிரி தண்ணியில பத்து நிமிஷம் உட்கார்ந்தவங்களுக்கு, சும்மா லேசா சைக்கிள் மிதிச்சவங்களை விட சதையும் பலமும் கம்மியாத்தான் ஏறுச்சு. வளரச் சொல்லி தசைக்குப் போற செய்தியை நீங்களே அணைச்சுடறீங்க.

புரோட்டீன்: 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018 கணக்குப்படி, உடல் எடையில ஒரு கிலோவுக்கு நாளைக்கு 1.6 கிராம், அதுக்கு மேல போனா தசைக்குப் பெருசா எதுவும் சேரல. கிட்னி பிரச்சனை உள்ளவங்க டாக்டர்கிட்ட கேளுங்க, என்கிட்ட வேண்டாம்.

கேள்வி: வாலிபால் ஆடறேன். கணுக்கால் உடைஞ்சு இடது கால் கட்டுல இருக்கு, மொத்தம் மூணு மாசம் போயிரும். ஆறு வருஷ உழைப்பு எல்லாம் போச்சான்னு நைட்டு தூக்கமே வரல அண்ணா.

எல்லாம் போகாதும்மா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல போகும், சிலது போகவே போகாது. எட் காயிலோட குழு 1984ல நல்லாப் பழகின ஏழு பேரைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லி 84 நாள் பின்தொடர்ந்தாங்க. ஆக்ஸிஜன் பயன்படுத்துற உச்ச அளவு முதல் மூணு வாரத்துல 7 சதவீதம், எட்டு வாரத்துல 16 சதவீதம் விழுந்துச்சு, அதுக்கு மேல விழல. மைட்டோகாண்ட்ரியா என்சைம் வேகமா சரிஞ்சுது. ஆனா தந்துகி இருக்கே, அது 84 நாளும் அசையவே இல்ல, பயிற்சியே பண்ணாதவங்களை விட 50 சதவீதம் ஜாஸ்தியாவே இருந்துச்சு. பலம் பொதுவா மூச்சை விட நிதானமாத்தான் இறங்கும், ஆனா கட்டு போட்ட கால் வேற, அசையாத தசை சீக்கிரம் மெலியும், கட்டைப் பிரிச்சதும் காலைப் பார்த்து அழாதீங்க.

சதை வளரும்போது இழைக்கு வெளிய ஒட்டிக்கிட்டிருக்கிற சாட்டிலைட் செல் (1961ல அலெக்சாண்டர் மௌரோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல தவளைத் தசையில பார்த்தது) பெருகி, தன் நியூக்ளியஸை (செல்லோட உட்கரு) இழைக்கு தானம் பண்ணும். 2010ல ஆஸ்லோவுல குண்டர்சன் குழு எலியில காட்டினது, இழை மெலிஞ்சாலும் அந்த நியூக்ளியஸ் எல்லாம் உள்ளயே இருக்குன்னு. மனுஷங்ககிட்டயும் அப்படியேதானான்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க, ஆனா ஒரு தடவை கட்டின சதை ரெண்டாவது தடவை வேகமா திரும்புறதை எந்தக் கோச்சும் கண்ணால பார்த்திருப்பார்.

இப்ப மறு கை விஷயத்துக்கு வாங்க. டாக்டர் சரின்னா வலது காலுக்குப் பயிற்சியை நிறுத்தாதீங்க, ஒத்தக் காலால லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், கனமா. அந்தப் பலத்துல ஒரு பங்கு நரம்பு வழியா கட்டுல இருக்கிற காலுக்கும் போகும், சதை வராது, ஆனா திரும்ப ஆரம்பிக்கும்போது வித்தியாசம் தெரியும்.

கடைசியா ஒண்ணே ஒண்ணு, இதை மட்டும் அண்ணன் சொன்னேன்னு கேளுங்க. திரும்பி வந்தா நரம்பு முதல்ல வரும், சதை அடுத்து வரும், உங்களுக்கு "ஆஹா பழையபடி ஆயிட்டேன்"னு தோணும், அப்பதான் ஆபத்து, ஏன்னா டெண்டன் அந்த வேகத்துக்கு வராது. 1950கள்லயும் 60கள் ஆரம்பத்துலயும் நடந்த அணுகுண்டு சோதனையால காத்துல கார்பன்-14 ஏறி இறங்குச்சு, அது சாப்பாடு வழியா எல்லார் உடம்புலயும் பதிஞ்சுது. அதை வச்சு 2013ல டென்மார்க்ல குதிகால் டெண்டனோட வயசைக் கணக்கு போட்டாங்க, அதோட நடுப்பகுதி ஒருத்தருக்கு 17 வயசு ஆகுறதுக்குள்ள உருவானதோட சரி, அதுக்கப்புறம் அநேகமா புதுசாவதே இல்ல. பக்கத்துல இருந்த தசையோ தன்னைப் புதுப்பிச்சுக்கிட்டே இருந்திருக்கு. கெண்டைக்கால் சதை தயார்னு சொன்னாலும் குதிச்சு ஸ்மாஷ் அடிக்கிறதை சில வாரம் தள்ளிப் போடுங்க, முதல்ல ரெண்டு காலால மெல்ல குதிகால் ஏத்தி இறக்குறது, அப்புறம் ஒத்தக் கால்ல, அப்புறம்தான் குதி. பிசியோ என்ன கணக்கு கொடுக்கறாரோ அதுல ஒரு வாரம் கூட முந்தாதீங்க.

கேள்வி: எனக்கு 71. இதெல்லாம் சின்னப் பசங்களுக்குத்தான?

ஐயா, 1990ல மரியா ஃபியாட்டரோன் முதியோர் இல்லத்துல இருந்த பத்து பேருக்கு எட்டு வாரம் கால் வெயிட் பயிற்சி கொடுத்தாங்க, வயசு 86ல இருந்து 96. முடிச்சவங்களோட பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு, ரெண்டு பேர் கைத்தடியை வச்சுட்டு நடந்தாங்க. தொடைச் சதை எவ்வளவு கூடுச்சு தெரியுமா, 9 சதவீதம். முதல் கேள்வி கேட்ட தம்பி இதை ஒரு தடவை படிக்கணும். நீங்க டாக்டர்கிட்ட பிபி பார்த்துட்டு, நாற்காலியில கை ஊனாம எழுந்து உட்காருறதுல ஆரம்பிங்க, நாளைக்குப் பத்து தடவை.

கிரியேட்டின் பத்திக் கேட்ட மூணு பேருக்கும் அடுத்த இதழ்ல.